பின்வளவுக் கல்லில் ரெசின் படலமா? அசிட் ஊத்தாதீங்கோ

"பின்வளவுக் கல்லைத் துப்பரவாக்கித் தாங்கோ, காசு தாறன்" என்று தெரிந்தவர்களே கேட்கக்கூடும். வேலை அனுமதி இல்லாமல் செய்தால் 2016 குடிவரவுச் சட்டப்படி குற்றம். கையில் தரும் காசும் சம்பளம்தான். முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கோ.

அனுமதி உள்ளவர்களுக்கு: லண்டனில் பதிக்கும் மணற்கல்லில் பெருமளவு ராஜஸ்தானிலிருந்து வருவது. இடைவெளிக்கு ரெசின் கலவை நிரப்பேக்க கல்லை நன்றாக நனைக்காவிட்டால் மேலே மினுங்கும் படலம் ஒட்டிவிடும். அதுக்குக் கடையில் "பிரிக் அசிட்" வாங்கி ஊத்தாதீங்கோ. அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ரெசினைக் கரைக்காது. கல்லிலுள்ள இரும்பைத் துருவாக்கிக் கறைபடுத்தும். ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், சுவாசப்பை பழுதாகும். முதலில் சுடுதண்ணீர் ஊத்தி விறைப்பான பிரஷால் தேயுங்கோ. போகாவிட்டால் ரெசின் அகற்றும் திரவம் பாவிக்கலாம்; கையுறை போட்டு, மூலைக் கல்லொன்றில் சோதித்துப் பார்த்த பிறகு.