மணலில் எழுதிய பாடம்

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம், அதாவது ஆசிரியரின் வீட்டுத் திண்ணையிலேயே நடைபெற்ற ஊர்ப்பள்ளி, மாணவர்களை வயதுவாரியாக வகுப்பு பிரிக்காமல், அவரவர் கற்கும் வேகத்திற்கேற்ப மணலில் விரலால் எழுதுவதிலிருந்து ஓலையில் எழுத்தாணி பிடிப்பது வரை படிப்படியாக உயர்த்தியது. மனக்கணக்கே அதன் தனி வலிமை. எண்சுவடி எனப்படும் வாய்பாட்டு நூலின் வழியே, இருபதில் ஒரு பங்காகிய ‘மா’ முதல் முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய ‘முந்திரி’ வரையிலான பின்னங்களைச் சிறுவர்கள் மனப்பாடமாகவே அறிந்திருந்தனர். மூத்த மாணவனான ‘சட்டாம்பிள்ளை’ இளையோருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான்.

மணலில் எழுதும் இம்முறையைக் கண்ட ஆண்ட்ரூ பெல், 1789 முதல் தாம் மேற்பார்வையிட்ட சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியில் அதைக் கையாண்டதோடு, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் விரித்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நவீனக் கல்வி முழுவதும் மேற்கிலிருந்தே வந்தது என்பது, ஆக, பாதி உண்மையே.

எனினும் பழம்பெருமையில் மயங்குவதும் தகாது. பொருள் விளங்காத மனப்பாடமும் கடுந்தண்டனையும் திண்ணைப் பள்ளிகளில் மலிந்திருந்தன. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோவின் ஆணைப்படி 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு 12,498 பள்ளிகளைக் காட்டியது. அவற்றில் பயின்ற பெண் குழந்தைகள் மிகச் சிலரே.