பூலாம்பாடியும் ஊர்ப்பொதுமையும்

பெரம்பலூர் மாவட்டத்தின் வடமேற்குப் பகுதியில், பச்சைமலைத் தொடருக்கு அண்மையில் அமைந்த ஊர் பூலாம்பாடி. வேப்பந்தட்டை வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் இன்று ஒரு பேரூராட்சியாகும். முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்த இந்நிலப்பகுதி, 1995ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டமாக அமைந்தது. எல்லைகள் மாறும்; ஆள்வோர் மாறுவர்; ஊரோ நிலைத்து நிற்கும். அவ்வாறு ஓர் ஊரை நிலைநிறுத்துவது யாது என்பதைத் திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் நலம்.

பெயரின் பொருள்

ஊர்ப்பெயர் என்பது முன்னோர் எழுதாமல் எழுதிவைத்த வரலாறு. பூலா என்பது வறண்ட காடுகளிலும் வேலியோரங்களிலும் தழைக்கும் புதர்ச்செடி. வெண்ணிறப் பழம் தருவது வெண்பூலா. கருநிறப் பழம் தருவது கரும்பூலா. அப்பழங்களைச் சிறுவர்கள் பறித்து உண்பதுண்டு. மா என்னும் மரப்பெயருடன் பழம் என்னும் சொல் சேரும்போது மாம்பழம் என மெல்லெழுத்துத் தோன்றுகின்றது. மரப்பெயர்களுக்கு நன்னூல் கூறும் இப்புணர்ச்சி விதியின்படியே, பூலாவும் பாடியும் சேர்ந்து பூலாம்பாடி ஆயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும். காவிரிக்கரையில் சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டியும் இவ்வகைப் பெயரே.

பாடி என்னும் சொல் முல்லைநிலத்து ஊரைக் குறிக்கும். கண்ணபிரான் வளர்ந்த ஆயர்பாடி யாவரும் அறிந்தது. படை தங்கும் இடத்திற்கும் அச்சொல் வழங்கும். மலையடிவாரத்தில் மேய்ச்சலும் உழவும் கலந்து வாழ்ந்த மக்களின் இருப்பிடத்திற்கு முற்பொருளே இயைவதாகும். பொன்னையோ மணியையோ நாடாது, தம் கண்ணெதிரே நின்ற எளிய புதரின் பெயரையே ஊருக்குச் சூட்டியது அம்மக்களின் இயல்பைக் காட்டுகின்றது.

மன்னர் வரலாறும் மக்கள் வரலாறும்

இவ்வட்டாரத்தில் மன்னர் வரலாற்றுக்குக் குறைவில்லை. வாலிகண்டபுரத்து வாலீசுவரர் திருக்கோயில் சோழர் காலத்தை நினைவூட்டுகின்றது. இரஞ்சன்குடிக் கோட்டை ஆர்க்காட்டு நவாபு காலத்துச் சின்னம். 1751ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஒரு பக்கமும், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் மறுபக்கமுமாக அப்பகுதியிலே போரிட்டனர். இவை நூல்களில் இடம்பெற்றுள்ளன. ஆனால், படைகள் வந்துபோன பின்னரும் ஏரிக்கரையை அடைத்தவர், விதைத்தவர், விளக்கேற்றியவர் ஆகியோரின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. ஊர் நின்றது அவர்களால்தான்.

நீர் கற்பித்த ஒற்றுமை

இப்பகுதியின் வடபால் ஓடும் சுவேத நதி வசிட்ட நதியுடன் கூடி வெள்ளாறு எனப் பெயர்பெற்று, பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கின்றது. சுவேதம் என்றாலும் வெண்மையே. வெள்ளாறு என்றாலும் அதுவே. இவை ஆண்டு முழுதும் நீர் நிறைந்து ஓடும் ஆறுகள் அல்ல. மழை பெய்யும் சில நாள்களில் மலையிலிருந்து இறங்கும் வெள்ளத்தைத் தேக்கினால்தான் இந்நிலத்தில் வாழ்வு உண்டு. ஆதலின் ஏரியே ஊரின் உயிராயிற்று.

ஏரியைத் தனியொருவர் காத்தல் இயலாது. வரத்துக்காலில் அடைந்த மண்ணை ஒருவர் வெட்டி எறியாவிடின் அனைவர் வயலும் காயும். கரையில் விழுந்த சிறு ஓட்டையை ஒருவர் கண்டும் காணாதிருந்தால் ஊரே அழியும். ஆகவே, குடிமக்கள் ஆளுக்கொரு பங்கு உழைப்பைத் தந்து கரை, மதகு, கால்வாய் ஆகியவற்றைச் செப்பனிட்டனர். இதற்குக் குடிமராமத்து என்பது பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1858ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இவ்வழக்கத்தைக் கட்டாயமாக்க முயன்றது. மனம் ஒப்பிச் செய்த பணி ஆணையாக மாறியபோது அதன் உயிர் குன்றியது. 2017ஆம் ஆண்டு தமிழக அரசு அப்பெயரிலேயே ஏரி சீரமைப்புத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது.

பொதுப்பணியைப் பங்கிட்டுச் செய்யும் முறை தமிழகத்தில் தொன்மையானது. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பொறுப்பை ஏற்கக் கூடாது என்றும் அவை விதித்தன. போற்றத்தக்க நெறியே இது. ஆயினும் நிலமும் மறையறிவும் உடைய ஆடவர்க்கே அங்கு இடம் இருந்தது; உழுத கைகளுக்கு ஓலையில்லை. நம் முன்னோரின் பெருமையைக் கூறும்போது இக்குறையையும் சேர்த்துக் கூறுதலே நேர்மை.

திருவிழாவும் தேரும்

நீர் கற்பித்த இப்பாடத்தைத் திருவிழா ஆண்டுதோறும் நினைவூட்டுகின்றது. இந்நிலப்பகுதியின் ஊர்களில் மாரியம்மன், திரௌபதியம்மன், ஐயனார் ஆகிய தெய்வங்களுக்கு விழா எடுக்கும்போது, முதலில் ஊர் கூடிப் பேசும். தலைக்கட்டு வரி குறிக்கப்பெறும். காப்புக் கட்டியபின் வெளியூர்ப் பயணம் தவிர்க்கப்பெறும். மண்டகப்படி ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு பிரிவினர்க்கு உரியதாகும். குயவர் வனைந்த கலயமும், வண்ணார் தந்த மாற்றும், பறையடிப்போர் எழுப்பிய ஒலியும், உழவர் அளித்த நெல்லும் இன்றி எந்த விழாவும் நிறைவுறுவதில்லை.

அண்டையூராகிய அரும்பாவூர் தேரும் வாகனமும் திருவுருவமும் செதுக்கும் மரச்சிற்பிகளுக்குப் பெயர்பெற்றது. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில், ஒரே கட்டையில் முழு உருவத்தையும் வடிப்பது அவர்தம் திறன். அரும்பாவூர் மரச்சிற்பத்திற்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பி தேரைச் செய்து தரலாம். ஆனால் வடத்தைப் பிடிக்க ஊர் முழுதும் வேண்டும். ஒரு பக்கத்து வடம் தளர்ந்தால் தேர் நேரே செல்லாது.

விலக்கப்பட்டோரின் உரிமை

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. பறை ஒலித்தவர்களும், வயலில் உழைத்தவர்களும் நெடுங்காலம் பல கோயில்களின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அவர்தம் உழைப்பை ஏற்ற ஊர், அவர்களை வடத்தருகே விடவில்லை. 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். 1947ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக் கோயில்களின் கதவை அனைவர்க்கும் திறந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு தீண்டாமையையே ஒழித்தது. சட்டம் கதவைத் திறக்கும்; உள்ளே வருபவரை உடன்பிறந்தாராக வரவேற்பது ஊரின் கடமை. வடம் தொடும் உரிமை ஒரு தெருவுக்கேனும் மறுக்கப்படுமாயின், அங்கே ஓடுவது தேராயினும் ஊர் ஓடவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

இளையோர்க்கு உரியது

மக்காச்சோளமும் பருத்தியும் சின்னவெங்காயமும் விளையும் இம்மாவட்டத்திலிருந்து, மழை பொய்த்த ஆண்டுகளில் பலர் பிழைப்புத் தேடிப் புறப்பட்டனர். மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் எனப் பரந்து வாழும் அவர்கள், திருவிழாவுக்கேனும் ஊர் திரும்ப விழைகின்றனர். பொருளனுப்புதல் நன்று, ஆனால் பொருள் கரையைக் காவல் செய்யாது. எந்தக் கால்வாய் எந்த ஏரிக்குச் செல்வது, எந்த நாள் மண்டகப்படி எவர்க்கு உரியது, எந்தப் புதர் எந்த வேலியில் நின்றது என்பன முதியோர் நினைவில் மட்டுமே தங்கியுள்ளன. இளையோர் அவற்றைக் கேட்டு, நாள் குறித்து ஏட்டில் எழுதி, திருக்கோயிலில் வைத்துப் போற்றுதல் வேண்டும்.

பூலாஞ்செடி தனிமரமாய் ஓங்கி வளர்வதில்லை. பல கிளைகள் அடியிலேயே ஒன்றோடொன்று பின்னி ஒரு வேலியாய் நிற்கும். அதன் பெயரைத் தாங்கிய ஊருக்கும், தமிழகத்தின் ஒவ்வோர் ஊருக்கும் அதுவே உரிய நெறி. ஏரி நிறைக, எல்லார் கையும் வடம் பற்றுக, ஊர் செழிக்க.