டாக்டர் ரஷ் கண்ட கொசு

1776-ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் 56 பேர் கையொப்பமிட்டனர். அவர்களுள் முப்பதே வயதான மருத்துவர் ஒருவரும் இருந்தார். பெஞ்சமின் ரஷ் என்பது அவர் பெயர். எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றவர்; 23 வயதில் பிலடெல்பியா கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானவர். அடிமை முறையைக் கண்டித்து 1773-லேயே எழுதியவர். இவரை நாம் இன்று நினைப்பது கையொப்பத்துக்காக அன்று, ஒரு காய்ச்சலுக்காக.

1793 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. (மஞ்சள் காமாலை என்று எண்ணிவிடாதீர்கள், இது வேறு நோய்.) ஏறத்தாழ 50,000 பேர் வாழ்ந்த நகரில், நவம்பருக்குள் சுமார் 5,000 பேர் மாண்டனர். வசதி உள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ரஷ் ஓடவில்லை. இரவு பகலாக வீடு வீடாகச் சென்றார். உடனிருந்த சகோதரியையும் மாணவர்கள் சிலரையும் நோய் கொண்டுபோயிற்று. அவரும் படுக்கையில் விழுந்தார்.

அவர் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? பாதரசம் கலந்த பேதி மருந்து. பிறகு நரம்பைக் கீறி இரத்தத்தை வெளியேற்றுவது! நம் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம்தான் உண்டு. அவரோ அதைப்போல இரு மடங்கு இருப்பதாகக் கருதினார். தாம் பிழைத்ததே தம் முறைக்குச் சான்று என்று நம்பினார். அந்த வைத்தியம் இல்லாமலே எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

வில்லியம் காபெட் என்ற பத்திரிகையாளர் இதைக் கடுமையாகக் கேலி செய்தார். ரஷ் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1799 டிசம்பர் 14 அன்று ரஷ்ஷுக்கு 5,000 டாலர் வழங்கத் தீர்ப்பாயிற்று. அதே நாள் இரவு ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை நோயால் இறந்தார். அவர் உடலிலிருந்தும் அன்று மருத்துவர்கள் பலமுறை இரத்தம் எடுத்திருந்தார்கள்!

துறைமுகத்தில் அழுகிக் கிடந்த காப்பிக்கொட்டையின் நாற்றமே நோய்க்குக் காரணம் என்றார் ரஷ். ஆனால் 1794-ல் வெளியிட்ட நூலில், அந்தப் பருவத்தில் கொசுக்கள் வழக்கத்துக்கு மீறி மொய்த்தன என்றும் குறித்திருக்கிறார். 1780-ல் அதே நகரில் பரவிய 'எலும்பு முறிக்கும் காய்ச்சல்' பற்றியும் அவர் விவரித்துள்ளார். அது டெங்கு என்று இன்று கருதப்படுகிறது. இரண்டையும் பரப்புவது ஏடிஸ் எஜிப்டி என்னும் ஒரே கொசுதான். மஞ்சள் காய்ச்சலுக்குக் கொசுவே காரணம் என்று 1881-ல் கியூபாவின் கார்லோஸ் பின்லே கூறினார். 1900-ல் வால்டர் ரீட் குழுவினர் அதை மெய்ப்பித்தனர். ரஷ் 1813-லேயே காலமாகிவிட்டார்.

இன்னொரு செய்தி. அந்த 1793 ஆகஸ்டிலேயே, பிலடெல்பியா நாளிதழ் ஒன்றுக்குப் பெயர் சொல்லாத ஒருவர் கடிதம் எழுதினார். மழைநீர்ப் பீப்பாய்களில் சிறிது எண்ணெய் ஊற்றினால் கொசுத் தொல்லை தீரும் என்பதே அவர் சொன்ன யோசனை.