தாத்தா காலத்து வண்டிக்குப் புதிய பிரேக்!

ஓட வைத்தால் போதுமா? நிற்க வைக்க வேண்டாமா?

அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளின் கொட்டகையில் ஒரு பழைய வண்டி நிற்கிறது. முன்னால் இரண்டு, மூன்று பேர் உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டி. அதில் வைக்கோல் கட்டும் ஏற்றலாம், மர வேலைச் சாமான்களும் ஏற்றலாம். இந்தச் சிறு லாரிக்கு அங்கே ‘பிக்கப்’ என்று பெயர்.

தாத்தா வாங்கிய வண்டி அது. அப்பா ஓட்டிப் பழகிய வண்டி. இப்போது பேரன் கைக்கு வந்திருக்கிறது. பேரன் என்ன செய்கிறான்? துருவைச் சுரண்டுகிறான். பெயிண்ட் அடிக்கிறான். என்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறான். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமுகிறது. வீடே மகிழ்கிறது.

ஆனால் மிக முக்கியமான கேள்வி இனிமேல்தான் வருகிறது. ஓடும் வண்டி நிற்குமா?

அன்றைய ரோடு வேறு

1966-ம் ஆண்டு ஷெவர்லே சி-10 என்ற பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். பழைய வண்டிப் பிரியர்கள் ஆசையோடு தேடும் வண்டி அது. எடை ஒன்றரை டன்னுக்கு மேல். அதன் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான் இருக்கும்.

அன்று அது வயலுக்கும் சந்தைக்கும் போய் வந்தது. இன்று அதே வண்டி பெரிய நெடுஞ்சாலையில் 60, 70 மைல் வேகத்தில் போகிறது. முன்னால் போகும் புதிய கார் சட்டென்று நிற்கிறது. பின்னால் வரும் தாத்தா வண்டியும் சட்டென்று நின்றாக வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 30 மைல் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்த பிரேக் ஒரு பங்கு வேலை செய்கிறது என்றால், 60 மைல் வேகத்தில் 4 பங்கு வேலை செய்ய வேண்டும். வேகம் 2 மடங்கு. வேலை 4 மடங்கு!

அந்த வேகமெல்லாம் எங்கே போகிறது? சூடாக மாறுகிறது. உள்ளங்கைகளைச் சேர்த்து வேகமாகத் தேய்த்துப் பாருங்கள். கை சுடும். பிரேக்கிலும் நடப்பது அதுதான்.

அண்டாவும் தட்டும்

டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்பு அண்டா. அதன் உள்ளே பிறை வடிவில் இரண்டு ‘ஷூ’க்கள் இருக்கும். பிரேக்கை மிதித்தால் அவை விரிந்து, அண்டாவின் உள்பக்கத்தை அழுத்தும். சக்கரம் நிற்கும்.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு. அதை ‘காலிப்பர்’ என்ற இடுக்கி கவ்விக்கொண்டிருக்கும். மிதித்தால், காலிப்பரில் உள்ள இரண்டு ‘பேட்’கள் தட்டை இரு பக்கமும் பிடிக்கும். சைக்கிளில் பிரேக் கட்டைகள் ரிம்மைப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே முறைதான்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சூட்டில்தான் தெரியும்.

இரும்பு சூடானால் விரியும். டிரம் விரிந்தால் அதன் உள்சுவர் ஷூவை விட்டு விலகிப் போகும். கால் இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டும். சூடு ஏற ஏற ஷூவின் மேல் உள்ள லைனிங்கும் பிடிப்பை இழக்கும். மூடிய அண்டாவுக்குள் சூடு தங்கிவிடும்.

டிஸ்க் விரிந்தால் பேட் இருக்கும் பக்கம்தான் விரியும். விலகிப் போகாது. மேலும் தட்டு திறந்த காற்றில் சுற்றுகிறது. சூடு சீக்கிரம் ஆறும். தண்ணீர் பட்டாலும் தட்டு உதறிவிடும். டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் காயும் வரை பிரேக் சரியாகப் பிடிக்காது.

மலை இறங்கும்போது

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் பைக்ஸ் பீக் என்ற மலை இருக்கிறது. உயரம் 14,000 அடிக்கு மேல். உச்சி வரை கார் ரோடு உண்டு. ஏறுவது பெரிதல்ல, இறங்குவதுதான் பெரிது. இறங்கும் வழியில் ஊழியர்கள் வண்டிகளை நிறுத்தி பிரேக்கின் சூட்டை அளந்து பார்க்கிறார்கள். அளவுக்கு மேல் சுட்டால், ஆறும் வரை ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

ஏன் இத்தனை கண்டிப்பு? காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்தபடியே மலை இறங்கினால் எந்த பிரேக்கும் சூடாகும். டிரம் பிரேக் சீக்கிரம் சோர்ந்துவிடும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. அதனால் மலை இறங்கும்போது சிறிய கியரில் போட்டு, என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி ஓட்ட வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டிக்கும் இந்த விதி உண்டு.

பந்தயத்தில் ஜெயித்த தட்டு

டிஸ்க் பிரேக் நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தில் பிரடெரிக் லான்செஸ்டர் என்ற என்ஜினீயர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அன்று அதற்கேற்ற பேட் கிடைக்கவில்லை.

1953-ல் பிரான்சில் லே மான் நகரில் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் நடந்தது. டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் ஜெயித்தது. அதன் சராசரி வேகம் மணிக்கு 100 மைலுக்கு மேல்! நீண்ட நேரம் வேகமாக ஓட, நன்றாக நிற்கவும் வேண்டும் என்பதை உலகம் கண்டது. 1955-ல் சிட்ரோயன் கம்பெனி தன் டி.எஸ். என்ற குடும்பக் காரின் முன் சக்கரங்களில் டிஸ்க் வைத்தது.

பிக்கப் வண்டிக்கு முறை வர இன்னும் நாளாயிற்று. ஷெவர்லே சி-10 வண்டியின் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் வழக்கமான பாகமாக வந்தது 1971 மாடலில்தான்.

இதுதான் பழைய வண்டிக்காரர்களுக்கு யோகம். 1971, 1972 மாடல் வண்டிகளின் முன்பக்க பாகங்களை, பழைய வண்டி உடைக்கும் இடங்களில் தேடி எடுத்து, 1960-களின் வண்டியில் பூட்டுவது அங்கே பிரபலமான வழி. இப்போது எல்லாப் பாகமும் ஒரே பெட்டியில் அடங்கிய ‘செட்’டாகவும் விற்கிறார்கள்.

ஏன் முன் சக்கரம் மட்டும்?

பஸ் திடீரென்று நின்றால் பயணிகள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள்? முன்பக்கம். வண்டியின் பாரமும் அப்படித்தான் முன்னால் சாய்கிறது. பெரும் பகுதி வேலை முன் சக்கர பிரேக்குக்கே. அதனால் முன்னால் டிஸ்க், பின்னால் பழைய டிரம் என்று விட்டுவிடுகிறார்கள். பின்னால் டிரம் இருந்தால் பழைய பார்க்கிங் பிரேக் கம்பிகளும் அப்படியே வேலை செய்யும்.

பாதி மாற்றினால் ஆபத்து!

“தட்டைப் பூட்டினேன், காலிப்பரைப் பூட்டினேன், வேலை முடிந்தது” என்று நினைப்பவர்கள் உண்டு. முடியவில்லை! பிரேக் என்பது ஒரு சங்கிலி. மிதியில் தொடங்கி சக்கரத்தில் முடிகிறது. ஒரு கண்ணியை மட்டும் மாற்றினால் மற்றவை இழுத்துக்கொள்ளும்.

முதல் கண்ணி மாஸ்டர் சிலிண்டர். மிதியின் அழுத்தத்தை பிரேக் ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்புவது இதுதான். 1966 சி-10 வண்டியில் இதற்கு ஒரே அறை. நான்கு சக்கரத்துக்கும் அதிலிருந்தே ஆயில் போகிறது. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் போதும், நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும்!

இதை மாற்றத்தான் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் வந்தது. ஓர் அறை முன் சக்கரங்களுக்கு, மற்றொன்று பின் சக்கரங்களுக்கு. ஒன்று கைவிட்டால் மற்றது காப்பாற்றும். 1968 ஜனவரி 1 முதல், புதிய கார்களில் இப்படிப் பிரிந்த பிரேக் இருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி செய்தது. டிஸ்க் வேண்டாம், பழைய டிரம்மே போதும் என்பவர்களும் இந்த ஒன்றை மட்டுமாவது மாற்றிக்கொள்வது நல்லது.

டிரம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் இன்னொரு சங்கதியும் உண்டு. மிதியை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தம் தங்கும்படி அதில் ஒரு சிறு வால்வு இருக்கும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு சுமார் 10 பவுண்டு. டிரம்முக்கு அது தேவை. அதே அழுத்தம் டிஸ்க்குக்குப் போனால், பேட் தட்டை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். ரோட்டில் போகப் போகச் சூடேறும்.

இரண்டாவது கண்ணி பூஸ்டர். டிரம் சுற்றும்போது ஷூவைத் தன்னோடு இழுத்து, தானே அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் இல்லை. கூடுதல் பலம் வேண்டும். என்ஜின் காற்றை உறிஞ்சும் சக்தியைக் கொண்டு காலுக்கு உதவி செய்வது பூஸ்டர். அது இல்லாவிட்டால் வண்டி நிற்கும். ஆனால் கால் வலிக்க மிதிக்க வேண்டும்.

மூன்றாவது கண்ணி பங்கு பிரிக்கும் வால்வு. பிக்கப்பின் பின் தொட்டி காலியாக இருந்தால் பின்பக்கம் லேசாக இருக்கும். கடுமையாக பிரேக் போட்டால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். வண்டி பம்பரம் போல் திரும்பிவிடும். பின்பக்க அழுத்தத்தைக் குறைத்து அனுப்புவது இந்த வால்வு.

நான்காவது, குழாய்கள். பழைய ரப்பர் குழாய் வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே உப்பி அடைத்திருக்கும். இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்திருக்கும். வண்டியின் வயதுதான் அவற்றின் வயதும்.

ஐந்தாவது, சக்கரம். பழைய சக்கரத்துக்குள் காலிப்பர் இடிக்காமல் அடங்குமா என்று முன்பே பார்க்க வேண்டும். 1970 வரை சி-10 சக்கரத்துக்கு 6 போல்ட். 1971-ல் 5 ஆயிற்று. முன்னால் 5, பின்னால் 6 என்று இருந்தால், ஒரே ஸ்டெப்னியை எல்லாப் பக்கமும் மாட்ட முடியாது!

பெயர்தான் ஆயில்

பிரேக் ஆயில் என்று சொல்கிறோம். ஆனால் இந்த வண்டிகளில் ஊற்றுவது என்ஜின் ஆயில் போன்ற எண்ணெய் அல்ல. தவறிப் போய் என்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கொதித்தால் குழாயில் குமிழி வரும். குமிழி வந்தால் மிதி பஞ்சு போல் அமுங்கும். அதனால் மூடி திறந்து நாளான டப்பாவை ஊற்றக் கூடாது.

எல்லாம் பூட்டிய பிறகு குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து மிதிக்க, மற்றவர் கீழே படுத்துத் திருகைத் திறக்க, குமிழி நிற்கும் வரை இது நடக்கும். தகப்பன் மேலே, மகன் கீழே என்று எத்தனையோ வீடுகளில் நடக்கும் வேலை இது.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காலிப்பரில் காற்று விடும் திருகு மேலே இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலப்பக்கம் மாற்றிப் பூட்டினால் திருகு கீழே போய்விடும். காற்று எப்போதும் மேலேதானே ஏறும்? நாள் முழுக்க மிதித்தாலும் காற்று வெளியே வராது. திருகின் இடத்தைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தவறு தெரிந்துவிடும்.

தூசியில் எமன்

பழைய டிரம்மைக் கழற்றும்போது உள்ளே கறுப்புத் தூசி இருக்கும். அந்தக் கால லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலில் தங்கினால், பல ஆண்டுகள் கழித்தும் புற்றுநோய் வரலாம். ஆகவே அந்தத் தூசியை வாயால் ஊதக் கூடாது. காற்றுக் குழாயாலும் ஊதக் கூடாது. துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது. நன்றாக நனைத்து, பறக்காமல் துடைத்து எடுக்க வேண்டும். குழந்தைகளை அருகே விடக் கூடாது.

முதல் சோதனை வீட்டு வாசலில்

வேலை முடிந்ததும் நேரே நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. முதலில் நின்ற இடத்திலேயே மிதியை அழுத்தி ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. இறங்காமல் கெட்டியாக நின்றால், ஆள் இல்லாத இடத்தில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு கொஞ்சம் வேகம். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் ஈரம் இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் நல்ல மெக்கானிக்கின் கையில் விடுவதே மேல்.

இத்தனையும் செய்த பிறகு அந்தப் பழைய வண்டி வெளியே பார்க்க எப்படி இருக்கும்? முன்பு போலவேதான் இருக்கும். அதே பெயிண்ட், அதே தொட்டி. தெருவில் போகிறவர்கள் பெயிண்டைத்தான் புகழ்வார்கள். சக்கரத்துக்குள் இருக்கும் தட்டு யார் கண்ணிலும் படாது.

ஒரு நாள் ரோட்டில் ஒரு குழந்தை பந்தின் பின்னால் ஓடி வரும். பேரன் பிரேக்கை மிதிப்பான். அன்று அந்தக் குழந்தையைக் காப்பாற்றப் போவது பளபளக்கும் பெயிண்ட் அல்ல. கண்ணில் படாத அந்தத் தட்டுதான்!