கானல் வரி பாடப்பட வேண்டும்

வேனிற் பருவத்திலே கடற்கரையில் திரண்டு இசை கேட்கும் வழக்கத்தை மேல்நாட்டார் தந்த புதுமை என்று எண்ணுவார் உளர். சிலப்பதிகாரத்தைப் புரட்டியவர்க்கு அவ்வெண்ணம் எழாது. சித்திரைத் திங்களில், சித்திரை மீனும் நிறைமதியும் கூடிய நாளிலே, காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழா தொடங்கிற்று. வச்சிரக் கோட்டத்து முரசம் யானையின் பிடரில் ஏறியது. விழா 28 நாள் நிகழும் என்பது மணிமேகலையால் அறியப்படும்.

விழா முடிவில் நகர மாந்தர் கடலாடச் சென்றனர். அவ்விரவின் விளக்குகளை இளங்கோவடிகள் எண்ணிக் காட்டும் அழகு தனி. பூ விற்போர் விளக்கு, அப்பம் சுடுவோர் விளக்கு, பரதவர் திமில் விளக்கு, மொழி வேறுபட்ட பிற நாட்டார் ஏற்றிய விளக்கு, கலங்கரை விளக்கம் எல்லாம் ஒருங்கே எரிய, அக்கரை மணலில் ஒரு வெண்கடுகு விழுந்தாலும் காணலாமாம்! அங்கே ஒரு புன்னை நிழலில் அமர்ந்து மாதவி யாழைத் திருத்திக் கோவலன் கையிற் கொடுத்தாள். காப்பியம் திரும்பிய இடம் அது.

இப்பகுதியை வகுப்பில் தொடங்கும்போது "கானல் என்பது யாது?" என வினவுவது என் வழக்கம். "கானல் நீர், ஐயா" என்றே பெரும்பாலும் விடை வரும். கடற்கரைச் சோலை என்னும் பொருள் மாத்தளைக் குன்றுகளிடையே வளர்ந்த பிள்ளைக்கு எவ்வாறு தோன்றும்? அவர்களுட் பலருடைய முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். நோயால் வழியிலேயே மாண்டோர் பலர். அக்குடியினர்க்குக் கடல், பாடி மகிழ்ந்த இடமன்று. கடந்து வந்த துயரம்.

ஆனால் நம் மாணவர்க்குப் பெரிய தடை கடல் காணாமை அன்று, பாட்டைக் கேளாமையே. கானல் வரி இசைப்பாட்டுகளின் கோவை. ஆற்று வரி, சார்த்து வரி, முகமில் வரி என்று வகை வகையாகச் செல்வது. நாமோ அதனைச் சொற்பொருள் கூறி, அருஞ்சொல் விளக்கி, தேர்வு வினாவுக்குரிய நான்கு குறிப்புகளாக்கி முடித்து விடுகிறோம். கோவலன் செய்ததும் ஏறக்குறைய இதுவே அன்றோ! வரிப்பாட்டைப் பாடுவோர் அகப்பொருள் மாந்தராய் நின்று பாடலாம். இசையில் வல்ல கோவலன் அதனை அறியாதவனல்லன். எனினும் மாதவி பாடியபோது இசையை விட்டான், சொல்லைப் பற்றினான், எழுந்து போனான். ஊழ் உருத்தது என்பது அடிகள் கருத்து. ஊழின் மேல் முழுப் பழியையும் ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னுமோர் இழப்பும் உண்டு. இசைத்தமிழ் நுட்பங்களை விரித்துரைத்த அடியார்க்குநல்லாரின் உரை, இக்கானல் வரிக்கு மட்டும் இடையே கிடைக்காமற் போயிற்று. அரும்பதவுரையின் சிறு விளக்கே துணை. உ. வே. சாமிநாதையர் சிலம்பை அச்சேற்றியது 1892 ஆம் ஆண்டில். அதே ஆண்டில் மட்டக்களப்பின் தெற்கே காரைதீவில், கடலோசை கேட்கும் ஊரில், விபுலாநந்த அடிகள் பிறந்தார். அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் 25 அடிகளுக்கு விளக்கம் காணப் புகுந்தே அவர் 'யாழ் நூல்' இயற்றினார். 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. மறுமாதமே அடிகள் மறைந்தார். அவர் மீட்ட யாழை நம் வகுப்பறைகள் இன்னும் மீட்டவில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் கைப்பேசியில் ஒரு பாட்டை ஒலிக்கச் செய்தாள். வெளிவராத 'கரும்பு' என்னும் திரைப்படத்துக்காகச் சலீல் சௌத்திரி இசையமைத்த கானல் வரிப் பாடல்கள் அவை. யேசுதாசும் சுசீலாவும் பாடியுள்ளனர். பழைய பண் இதுவோ என்று நான் வாதிட வரவில்லை; மெட்டு இக்காலத்தது. ஆயினும் கானல் நீர் என்று விடை சொன்ன அதே வகுப்பு மூச்சடக்கிக் கேட்டது. பின்னர் வரிகளைப் பதம் பிரித்துத் தருமாறு அவர்களே கேட்டனர்.

இவ்வாண்டு பண்டித வகுப்பில் உரை நூலைத் திறக்குமுன் பாடிப் பார்ப்பதென முடிவு செய்திருக்கிறோம். சுருதிப் பெட்டி ஒன்று இரவலாகக் கிடைத்துள்ளது. பாட வல்லார் மூவர் உளர். நான் அவருள் ஒருவனல்லேன்.