குணமா, கோளாறா? வைத்தியர் கோடு போடுவது எங்கே?

"அவருடைய குணமே அப்படித்தான்" என்று ஒருவரைப் பற்றிச் சொல்லி, அத்தோடு பேச்சை முடித்துக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம். எடுத்ததற்கெல்லாம் சந்தேகப்படும் மாமா, காலையில் கொண்டாடிய தோழியை மாலையில் எதிரியாக்கிவிடும் மகள், அலுமாரியில் ஓர் உடுப்பு இடம் மாறினாலும் வீட்டையே உலுக்கிவிடும் வாப்பா... இப்படிப்பட்டவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். இது வெறும் சுபாவமா, அல்லது சிகிச்சை வேண்டிய ஆளுமைக் கோளாறா? இந்தக் கேள்வி உங்களை மட்டுமல்ல, உளநல வைத்தியர்களையும் நூறு ஆண்டுகளாகச் சுற்றிச் சுற்றி வருகிறது.

ஜேர்மனிய வைத்தியரான குர்ட் ஷ்னைடர் 1923ல் இதற்கு ஒரு விடை தந்தார். சராசரி மனிதரிலிருந்து ஒருவர் விலகியிருப்பது மட்டும் கோளாறு அல்ல. அந்த விலகலால் அவர் துன்பப்பட வேண்டும், அல்லது அவரால் சமூகம் துன்பப்பட வேண்டும் என்றார். இன்றும் அந்த விடையின் சாரம் மாறவில்லை. மாறியதெல்லாம் அளக்கும் விதம்தான்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980ல் வெளியிட்ட கைநூல், ஆளுமைக் கோளாறுகளைப் பெயர் பெயராகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிகுறிப் பட்டியல் கொடுத்தது. இன்று அதில் பத்துப் பெயர்கள் உள்ளன. எல்லைநிலை ஆளுமைக் கோளாறை எடுத்துக்கொள்ளுங்கள். கைவிடப்பட்டுவிடுவோமோ என்ற பேரச்சம், நிலையற்ற உறவுகள், தன்னையே காயப்படுத்திக்கொள்ளல், அடக்க முடியாத கோபம் என்று அதற்கு ஒன்பது அறிகுறிகள். ஐந்து இருந்தால் கோளாறு உண்டு. நான்கு என்றால் இல்லை!

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ அமையும் விதங்கள் மொத்தம் 256. ஒரே பெயரைப் பெற்ற இருவருக்கிடையே ஓர் அறிகுறி மட்டுமே பொதுவாக இருக்கவும் கூடும். நான்கு அறிகுறிகளோடு நாளாந்தம் வேதனைப்படுபவரோ பட்டியலுக்கு வெளியே நிற்பார். வேறு சிலருக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பெயர்கள் ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் குறைகளைக் கண்ட உலக சுகாதார நிறுவனம் வேறு வழியில் சென்றது. 2019ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அதன் பதினோராவது நோய் வகைப்பாடு, பழைய பெயர்களை அநேகமாக முழுவதுமே நீக்கிவிட்டது. வைத்தியர் முதலில் பார்க்க வேண்டியது, ஒருவர் தன்னைத் தானே எப்படி உணர்கிறார், பிறரோடு எப்படி ஒழுகுகிறார் என்பதை. அதிலுள்ள பாதிப்பு நீண்ட காலமாக, சுமார் இரண்டு ஆண்டுகளாவது நீடித்திருக்க வேண்டும். பிறகு அது இலேசானதா, நடுத்தரமானதா, கடுமையானதா என்று தீர்மானிக்க வேண்டும். மேலதிகமாக, ஒதுங்கியிருத்தல், கட்டுப்பாடின்மை போன்ற ஐந்து பண்புகளில் எது மேலோங்குகிறது என்றும் குறிக்கலாம். எல்லைநிலை என்ற பெயர் மட்டும் ஒரு துணைக் குறிப்பாகத் தப்பிப் பிழைத்தது. சிகிச்சை ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி அந்தப் பெயரிலேயே நடந்திருப்பதால் அதை விட்டுவிட மனம் வரவில்லை. அரைகுறைச் சமரசம்தான் என்றாலும், நோயாளருக்குப் பயன்படும் சமரசம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கரோ 2013ல் அளவுமுறை ஒன்றைத் தயாரித்தும், அதைக் கைநூலின் பின்பகுதியில் வைத்துவிட்டுப் பழைய பத்துப் பெயர்களையே முன்பகுதியில் தொடர்ந்தார்கள்.

எந்த முறையானாலும் இரத்தப் பரிசோதனையோ, மூளைப் படமோ இக்கோளாறைக் காட்டித் தராது. பொறுமையான உரையாடல்தான் கருவி. சிறு வயது முதலான வரலாற்றை வைத்தியர் கேட்பார். சம்மதத்தோடு வீட்டாரிடமும் விசாரிப்பார். ஏனெனில் தன் சுபாவம் ஒருவருக்கு இயல்பாகவே தெரியும். மனச்சோர்வு, போதைப்பொருள், தலையில் பட்ட அடி ஆகியவற்றாலும் குணம் மாறலாம் என்பதால் அவற்றையும் நோக்க வேண்டும். ஊர் வழக்கத்தையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு காரியத்துக்கும் மாமியிடம் அபிப்பிராயம் கேட்கும் மருமகள் நோயாளி அல்லவே! பத்துக் கேள்விகளுக்குப் புள்ளி போட்டுக் கணவனுக்கோ மனைவிக்கோ பெயர் சூட்டும் விளையாட்டு எவ்வளவு ஆபத்தானது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளுங்கள்.

தவறான பெயர் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹானின் வாழ்வு ஒரு சான்று. 1961ல், பதினேழு வயதில், அவர் மனநல வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். அவருக்குச் சூட்டப்பட்ட பெயர் மனச்சிதைவு. மின்னதிர்ச்சியும் கொடுத்தார்கள், பயனில்லை. பிற்காலத்தில், இத்தகைய துன்பமுடையவர்களுக்கென்றே ஒரு பேச்சுவழிச் சிகிச்சையை அவர் உருவாக்கினார். தன்னைக் காயப்படுத்துவதை அது குறைக்கிறது என்பதை 1991ல் வெளியான ஆய்வு காட்டியது. தன் சொந்தக் கதையை அவர் பகிரங்கமாகச் சொன்னது 2011ல்தான். தனக்கு இருந்தது எல்லைநிலைக் கோளாறே என்பது அவர் முடிவு.

"இது மாறாத குணம்" என்ற நம்பிக்கையும் ஆட்டங்கண்டுவிட்டது. அமெரிக்காவில் மேரி ஸனரினி குழுவினர், வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்ற 290 எல்லைநிலை நோயாளரை 1992 முதல் சேர்த்துத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டுகளுக்குள் 93 வீதமானோருக்கு, குறைந்தது இரண்டு ஆண்டுகளேனும் நோய் அடங்கியிருந்தது. ஆனால் உறவிலும் தொழிலிலும் சேர்த்து நிமிர்ந்தவர்கள் பாதிப்பேர்தான்.

உங்கள் வீட்டில் ஒருவரை உளநல வைத்தியரிடம் அழைத்துப் போக நேர்ந்தால், "இவருக்கு இந்த நோய்தானே?" என்று தொடங்காதீர்கள். எப்போது ஆரம்பித்தது, யாரோடு அதிகம், எந்த வேளையில் தணிகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தற்கொலைப் பேச்சோ, தன்னைக் காயப்படுத்தலோ இருந்தால், கோளாறுக்குப் பெயர் கிடைக்கும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.