கடலே இல்லாத ஊரில் 55!

கட்டடத்தின் எலும்புக்கூட்டைக் கணக்குப் போடும் பொறியாளரின் மேசையை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தால் அங்கே கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நெறிமுறை, ‘ஐ.எஸ். 875, பகுதி 3’ கட்டாயம் இருக்கும். அலுப்பூட்டும் அட்டைதான். ஆனால் உள்ளே இருக்கும் இந்திய வரைபடம் இருக்கிறதே, அடேயப்பா!

நாட்டையே ஆறு காற்று மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். குறைந்தது 33, உச்சம் 55. எல்லாம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கு. திறந்த வெளியில், 10 மீட்டர் உயரத்தில், 50 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய 3 நொடிக் காற்று வீச்சின் வேகம் அது.

சென்னைக்கு 50. புயல் ஊர், சரி. கடலோர மும்பைக்கு 44தான். கடலையே பார்க்காத டெல்லிக்கு 47! பீகாரின் தர்பங்காவுக்கோ 55. சென்னையையே தாண்டிவிட்டது! வடக்குச் சமவெளியில் கோடை இடிமேகங்கள் கிளப்பிவிடும் சூறைக்காற்றுக்குக் கடல் எதற்கு?

நம் பக்கமும் வேடிக்கைதான். மதுரை, கோவைக்கு 39. திருச்சிக்கு 47. பெங்களூருக்கு வெறும் 33.

33க்கும் 47க்கும் 14தானே வித்தியாசம் என்பீர்கள். இங்கேதான் கூத்து! காற்றழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறும். உயரம், சுற்றுப்புறம் போன்ற திருத்தங்களைச் சேர்க்கும் முன்பே, பெங்களூரில் சதுர மீட்டருக்குச் சுமார் 67 கிலோ; திருச்சியில் 135. இரண்டு மடங்கு!

அதைவிடப் பெரிய ரகசியம் கூரையில். காற்று கூரை ஷீட்டை அமுக்கும் என்றுதானே நினைக்கிறோம்? சரிவு குறைந்த கூரையைப் பெரும்பாலும் மேல்நோக்கி உறிஞ்சி இழுக்கிறது, மூலைகளிலும் ஓரங்களிலும் இன்னும் மூர்க்கமாக. காற்று வரும் பக்கம் ஷட்டர் திறந்திருந்தால் தொலைந்தது. உள்ளே புகுந்ததும் கீழிருந்து நெம்பும். மேலே இழுப்பு, கீழே தள்ளு. ஷீட் லேசாக இருப்பது அப்போது வசதியல்ல, வினை. அதனால் ஓரத்து ஷீட்டுகளுக்குத் திருகுகளை நெருக்கமாகப் போட வேண்டும். கான்கிரீட் மாடிவீட்டுக்காரருக்கு இந்தக் கவலை குறைவு, அதன் எடையே காவல்.

உள்ளூரில் குடோனோ ஷெட்டோ போடுகிறீர்களா? கொட்டேஷனில் விலையைப் பார்க்கும் முன், “எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்குப் போட்டீங்க?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலாக எண் வரவில்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.